கரையில் ஆறு மணி நேரம்

கப்பல் பார்ப்பது என்பது புதுச்சேரிக்காரர்களுக்குப் பரம்பரையாக வந்த பழக்கம். நமது கொள்ளுப் பாட்டனார்கள் பிரான்சிலிருந்து வரும் கப்பலுக்காகக் கடற்கரையில் காத்து நின்றவர்கள். ஆகையால், 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் 4-ந் தேதி ஓர் உல்லாசப் பிரயாணக் கப்பல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் நமது கடலில் வந்து நங்கூரம் பாய்ச்சியபோது, ஊர்ப் பேச்செல்லாம் அதைப் பற்றியே இருந்ததில் வியப்பில்லை.

அந்தக் கப்பலின் கதையும் கொஞ்சம் ரசமானதுதான். 'எம்பிரஸ்' என்ற பெயர் கொண்ட அது 1990-ல் முதன்முதலாகப் பிரயாணிகளை ஏற்றியது. 211 மீட்டர் நீளம். 2022 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டு, விசாகப்பட்டினம் போய், நமது ஊர்க் கடலுக்கு வந்தது. ஆனால் கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்டம் உண்டு என்ற ஆட்சேபம் அப்போது பலமாக எழுந்திருந்தது. வந்த விருந்தாளி வாசற்படியைத் தாண்டாமலே திரும்பிப் போக நேர்ந்தது. மூன்று வருஷம் கழித்துத்தான் கதவு திறந்தது. நமது துறைமுகத்தில் ஆழம் போதாமையால் கப்பல் தூரத்தில் நிற்க, பிரயாணிகள் சிறு படகுகளில் கரை சேர்ந்தார்கள். இதிலும் புதுமை ஒன்றுமில்லை. துய்ப்ளேக்ஸ் காலத்திலும் இப்படித்தான். கப்பல் நடுக் கடலில் நிற்கும். கயிற்றால் தைத்த பலகைகளாலான சலங்குகள் அலையில் ஏறி இறங்கிப் போய், ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வந்து சேர்க்கும்.

நிற்க. கப்பலில் சீட்டாட்டம் உண்டா இல்லையா, அதனால் ஊர் கெடுமா கெடாதா என்ற விசாரத்தைப் பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும். நான் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. கப்பலில் வருகிறவனுக்குக் கரையில் கிடைப்பது ஐந்து அல்லது ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்தில், "இதுதான் புதுச்சேரி" என்று நாம் எதைக் காட்டப் போகிறோம்?

இந்தக் கேள்வி என் மூளையில் உதித்ததல்ல. பல வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். அரியாங்குப்பம் பக்கத்துப் பிள்ளை. இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். மனைவியுடன் இப்படியொரு கப்பலில் ஏறிக் கீழ்த்திசைக் கடல்களைச் சுற்றிவிட்டு வந்தவர். கொரியா தேசத்தின் பூசான் துறைமுகத்தில் கப்பல் ஒரு பகல் நின்றதாம். அங்கிருந்து எண்பது கிலோ மீட்டருக்குச் சமீபமான தூரத்தில் கியோங்ஜு என்ற புராதன நகரம் இருக்கிறது. சில்லா வம்சத்து அரசர்கள் ஆண்ட தலைநகரம். போக வரவே பொழுது பாதி போய்விடும் என்றாலும், பிரயாணிகளைப் பஸ்ஸில் ஏற்றி அந்த ஊருக்குத்தான் அழைத்துப் போனார்களாம்.

"அங்கே புல்குக்சா என்று ஒரு புத்தர் கோயில், ஸார். மலைமேல் கருங்கல் குகையில் சொக்குராம் என்று இன்னொரு சந்நிதி. புத்தர் கிழக்கே கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டும் எட்டாம் நூற்றாண்டு. கோயில் 1593-ல் ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்து போய்விட்டது. இப்போது இருக்கிற மரக் கட்டிடங்கள் பிறகு கட்டியவை. கல் கோபுரங்கள்தான் ஆதியில் இருந்தவை. இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லுகிறார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பெரிய பெரிய கடைகள் இருக்கின்றன, ஸார். ஆனாலும் முதலில் அங்கே அழைத்துப் போகவில்லை!"

அவர் சொன்னதும் ஸியோல் நகரத்துச் சமாசாரம் ஒன்று எனக்கு நினைவு வந்தது. கொரியாவை 1910 முதல் 1945 வரை ஜப்பான் அடிமைப்படுத்தி வைத்திருந்தது. ஸியோலில் கொரிய மன்னர்களின் கியோங்பொக் அரண்மனை இருக்கிறதல்லவா? அதன் முன்புறத்தில், அரண்மனையே கண்ணில் படாதபடி, ஜப்பானிய ஆட்சியாளர் ஒரு பிரமாண்டமான காரியாலயத்தை எழுப்பினார்கள். 1926-ல் அது முடிந்தது. விடுதலை வந்து ஐம்பது வருஷம் வரையில் கொரியர்கள் அந்தக் கட்டிடத்தைப் பல காரியங்களுக்குப் பயன்படுத்தினார்கள். கடைசியில் 1995-ம் ஆண்டு விடுதலை நாளன்று இடிக்கத் தொடங்கி, மறு வருஷம் அப்புறப்படுத்தி விட்டார்கள். இன்று ஸியோலுக்குப் போகிறவன் முதலில் காண்பது கொரியர்களின் சொந்த அரண்மனையை.

நாமும் இடிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கடற்கரையை ஒட்டிப் பிரெஞ்சுக்காரர் வகுத்த வீதிகள் அழகானவை, பொய் சொல்வானேன்? அந்த மஞ்சள் சுவர்களும், காகிதப்பூக் கொடிகளும், நேர் நேரான தெருக்களும் நமக்கும் சொந்தமாகிவிட்டன. பிரச்னை அவை இருப்பதில் அல்ல. அவை மட்டுமே புதுச்சேரி என்று ஆகிவிட்டதில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவன் 'ஒயிட் டவுன்' தெருக்களில் நின்று படம் பிடித்துக்கொள்கிறான், காந்தி சிலையைப் பார்க்கிறான், ஆசிரமத்துக்கும் மணக்குள விநாயகருக்கும் போகிறான், ரொட்டிக் கடையில் சாப்பிடுகிறான், திரும்பிவிடுகிறான். பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் இங்கே வந்து குடியேறிய நாளிலிருந்துதான் இந்த ஊருக்கு வயசு என்று எண்ணிக்கொண்டு போகிறான். அப்படிப் பார்த்தால் நமது ஊருக்கு வயசு முந்நூற்றைம்பது. உண்மையில் அதற்கு இரண்டாயிரம்!

மேலே சொன்ன மாணவர் புறப்படும் சமயத்தில் கைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். கியோங்ஜு நகரத்து மியூஸியத்தில் எடுத்தது. பழைய சமாதிகளில் அகப்பட்ட கண்ணாடி மணிகள், கடுகை விடச் சற்றுப் பெரியவை, நீல நிறம், சரம் சரமாகக் கோத்து வைத்திருந்தார்கள்.

"ஸார், சின்ன வயசில் மழை பெய்து ஓய்ந்ததும் அரிக்கமேட்டில் நாங்கள் பொறுக்குவோமே, அந்த மணி மாதிரியே இல்லை?" என்றார்.

அந்த மாதிரியேதான். உருக்கிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடியும் சூடு காட்டி முனைகளை மழுக்கிச் செய்யும் மணிகள் அவை. அறிஞர்கள் அவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அவை செய்யப்பட்ட மிகப் பழைய இடங்களில் அரிக்கமேடு ஒன்று. கீழ்த்திசை நாடுகளிலெல்லாம் அவை பரவின; கொரியாவின் அரச சமாதிகளிலும் அகப்படுகின்றன. பிற்காலத்தில் தென்கிழக்கு ஆசியாவிலும் அதே முறையில் மணிகள் செய்தார்கள். ஆகையால் கொரியாவில் இருக்கும் இந்த மணி அரியாங்குப்பத்து ஆற்றங்கரையிலிருந்தே போயிற்று என்று ஒருவரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கைத்தொழிலின் தாய்வீடுகளில் ஒன்று நமது ஊருக்கு நாலு கிலோ மீட்டர் தெற்கே இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

"நம் தேசத்து ராஜகுமாரி ஒருத்தி கப்பலேறிப் போய்க் கொரியாவில் ராணியானாளாமே, ஸார்?" என்றும் அவர் கேட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'சம்குக் யூசா' என்னும் கொரிய நூலில் அப்படி ஒரு வரலாறு இருக்கிறது. கி. பி. 48-ல் ஆயுதா என்ற தேசத்திலிருந்து ஓர் இளவரசி கடல் வழியாக வந்து சூரோ மன்னனை மணந்தாளாம். ஆயுதா என்பது அயோத்தி என்பார் சிலர். நமது தென்னாடு என்பார் சிலர். கேட்க இனிமையாக இருக்கிறது என்பதற்காகக் கதையைச் சரித்திரமாக்கி விடுவது ஆசிரியத் தொழிலுக்கு அடுக்காது. மணி விஷயம் அப்படியல்ல. மணி கையில் இருக்கிறது.

அரிக்கமேட்டின் கதையை நேயர்களில் பலர் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். ஆயினும் அதில் வரும் சில மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாமவர் லெ ழான்தி என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி. சூரியனுக்கு முன்னே வெள்ளிக் கிரகம் கடந்து செல்லும் காட்சியைக் காண்பதற்காக 1760-ல் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். அவர் வந்து சேருவதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761-ல் அந்தக் காட்சி நிகழ்ந்தபோது பாவம், ஆடுகின்ற கப்பலில் இருந்தார்! அடுத்த காட்சிக்காக எட்டு வருஷம் காத்திருந்தார். 1769 ஜூன் மாதத்தில் புதுச்சேரியில் கருவிகளை எல்லாம் பொருத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. வானத்தில் தேடி வந்தது கிட்டவில்லை. ஆனால் இந்த ஊரில் தங்கியிருந்த காலத்தில், வீராம்பட்டினத்தருகே ஆற்றங்கரையில் பழைய செங்கல் கட்டிடங்களின் மிச்சத்தைக் கண்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாமவர் ழூவோ துய்ப்ரேய். நமது ஊர்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1937-ம் ஆண்டு வாக்கில், அரிக்கமேட்டுப் பக்கத்துச் சிறுவர்கள் மணிகளையும் ஓடுகளையும் பொறுக்கி அவரிடம் கொண்டு வந்து கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று மனிதத் தலை செதுக்கிய சிறு கல். ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்தஸின் உருவம் அது என்று அவர் கருதினார். மேட்டுக்கு அடியில் ஒரு ரோமானிய வியாபாரத் துறை புதைந்திருக்கிறது என்ற எண்ணத்துக்கு அடி போட்டது அந்தப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்தான். பிள்ளைகள் எதையோ கையில் மூடிக்கொண்டு வந்து காட்டும்போது, "போடா, போய்ப் பாடத்தைப் படி!" என்று விரட்டாத ஓர் உபாத்தியாயர் அன்று இந்த ஊரில் இருந்தார். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும், அதைவிட அதிகமாக வெட்கமாகவும் இருக்கிறது.

பிறகு 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்து முத்திரைப் பாண்டங்களும், மது நிரப்பி வந்த இரட்டைப் பிடி ஜாடிகளின் துண்டுகளும், பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிவந்தன. 1947 முதல் கஸால் என்ற பிரெஞ்சுக்காரரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் தோண்டி ஆராய்ந்தார்கள். கி. பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய கடல் வழிக் குறிப்பில் 'பொதுகே' என்று ஒரு துறை வருகிறது. அது அரிக்கமேடே என்பது பெரும்பாலான அறிஞர்களின் அபிப்பிராயம். அப்படியானால், புதுச்சேரிக்குக் கப்பல் வருவது இரண்டாயிரம் வருஷத்துப் பழைய செய்தி!

இனி, நான் ஏன் வெட்கப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகச் சரித்திரம் கற்பிக்கிறேன். எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளை உல்லாசப் பிரயாணம் என்று மாமல்லபுரம் வரையில் அழைத்துப் போயிருக்கிறேன். நாலு கிலோ மீட்டரிலுள்ள அரிக்கமேட்டுக்கு ஒரு தடவைகூட அழைத்துப் போனதில்லை. "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்பதே நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

மாணவர் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அரியாங்குப்பத்தைத் தாண்டிக் காக்காயந்தோப்பு வழியாக நானே போனேன். உண்மையில் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தோண்டிய குழிகளை அப்போதே மூடிவிட்டார்கள். மாமரங்கள், அமைதியான ஆறு, பாழடைந்த செங்கல் தூண்கள். தூண்களும் ரோமர் காலத்தவை அல்ல. 1770-ம் ஆண்டையொட்டிப் பிஞ்ஞோ தெ பெயேன் என்ற பாதிரியார் கீழ்த்திசை நாடுகளிலிருந்து தப்பி வந்து இங்கே நடத்திய குருமடத்தின் மிச்சம் என்கிறார்கள். வியட்நாம் மொழிக்கு அவர் ஓர் அகராதி தொகுத்ததும் இந்தக் கரையில் இருந்துதான். ஆக, இந்த மேட்டிலிருந்து மேற்கேயும் பாதை போயிருக்கிறது, கிழக்கேயும் போயிருக்கிறது.

ஆற்றோரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து வலையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறீங்க, வாத்தியாரே?" என்றார். என் கையிலிருந்த குடையைப் பார்த்தே தொழிலைக் கண்டுபிடித்துவிட்டார் போலும்.

"பழைய பட்டினத்தைத் தேடுகிறேன், ஐயா."

"அது உங்க காலுக்குக் கீழேதான் இருக்குது. பாக்கிறதுக்கு ஆள் வந்தா இருக்கும். வராட்டிப் போனா, கொஞ்சம் ஆறு எடுத்துக்கும், கொஞ்சம் மனுஷன் எடுத்துப்பான்."

இதைவிடச் சுருக்கமாக நான் சொல்ல முடியாது. ஆறு அரித்த மேடு என்பதால் அரிக்கமேடு என்று பெயர் வந்தது என்பார்கள். அருகன் மேடு என்பதே மருவியது என்பாரும் உண்டு. எப்படியிருந்தாலும், விருந்தாளிக்குக் காட்டாத பொருளை வீட்டுக்காரனும் நாளடைவில் மறந்து விடுகிறான். மறந்த பொருளைக் காப்பாற்ற ஒருவரும் முன்வருவதில்லை. கப்பல்காரர்களின் ஆறு மணி நேரம் நமக்கு முக்கியமாவது இதனால்தான். அவர்கள் தரும் பணத்துக்காக மட்டுமல்ல. எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும்போது எதைக் காப்பாற்றுவது என்பதையும் நாம் தீர்மானித்து விடுகிறோம்.

ஆகையால் ஒரு சிறு திட்டத்தை நேயர்கள் முன் வைக்கிறேன். படகிலிருந்து இறங்கியதும் முதலில் அரிக்கமேடு. ஒரு மணி நேரம். கதை சொல்லத் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் மாமரத்து நிழலே மண்டபமாகிவிடும். அடுத்தது நகரத்து மியூஸியம். அரிக்கமேட்டில் எடுத்த பண்டங்களையும் சோழர் காலத்து வெண்கலத் திருமேனிகளையும் அங்கே கண்ணால் காணலாம். பிறகு பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பிருந்தே விளங்கும் மணக்குள விநாயகர். அங்கே எல்லாருக்கும் செல்லமாயிருந்த யானை லட்சுமி 2022 நவம்பர் 30-ந் தேதி காலமாகிவிட்டது. இன்னும் ஊரார் அதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை.

அங்கிருந்து வேதபுரீசுவரர் கோயில். இப்போதுள்ளது பின்னால் எழுந்தது. ஆதிக் கோயில் 1748-ல், துய்ப்ளேக்ஸ் காலத்தில் இடிக்கப்பட்டது. அந்தத் துயரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம்முடைய தமிழ் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். புல்குக்சா எரிந்த கதையைக் கொரியர்கள் சொல்லுவதுபோல, கோபமும் இல்லாமல் மறைப்பும் இல்லாமல் நாமும் இதைச் சொல்லலாம். பிள்ளையவர்களின் வீடு இன்றும் நிற்கிறது. வெளியிலிருந்து காட்டினாலும் போதும். 1908 முதல் 1918 வரை பாரதியாருக்கு இந்த ஊர் அடைக்கலம் கொடுத்ததல்லவா? அவர் வாழ்ந்த வீட்டில் கால் மணி நேரம். பிறகு தாராளமாகக் கடற்கரைக்கும் பிரெஞ்சுத் தெருக்களுக்கும் போகட்டும். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டு வந்தவை என்பதையும் மறவாமல் சொல்லி அனுப்புவோம்.

இன்னும் நேரமுள்ளவர்களுக்கு மூன்று இடங்கள். மேற்கே வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில். அதற்கு அப்பால் கீழூர். கீழூரில் 1954 அக்டோபர் 18-ந் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேருவதென்று சொன்னார்கள். அடுத்த மாதம் முதல் தேதி ஆட்சி மாறியது. ஒரு தேசத்தின் விடுதலை ஒரு கிராமத்தில் தீர்மானமான இடம் அது. தெற்கே பாகூர். அங்கே இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் மூன்று கிராமங்களை விட்டுக் கொடுத்ததை ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு சொல்லுகிறது. வெள்ளைக்காரன் வந்துதான் இங்கே பள்ளிக்கூடம் வைத்தான் என்று நினைப்பவர்கள் பாகூர் மூலநாதர் சந்நிதியில் ஒரு நிமிஷம் நின்று வரலாம்.

கப்பல் எப்போது வருமோ, எத்தனை தடவை வருமோ, நான் அறியேன். அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நமது ஊரில் எத்தனையோ வீடுகளில் பெரியவர்களும் குழந்தைகளும் அரிக்கமேட்டை மிதித்ததே கிடையாது. அவர்களும் ஒரு விதத்தில் கப்பலில் இருப்பவர்கள்தான். கரை கண்ணுக்குத் தெரிகிறது, இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை என் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருடன் அங்கே போகிறேன். மணி அகப்பட்டால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது, பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று இப்போதே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

"அப்படியானால் எதற்காக ஸார் போகிறோம்?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்.

"நாளைக்குக் கப்பலில் யாராவது வந்து உன்னிடம் வழி கேட்டால், எந்தப் பக்கம் கையை நீட்டுவது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன்.